பெரஹெரா முடிந்ததும் வரும் பில்

ஜூலை பிறந்துவிட்டால் கண்டியில் வாடகைக்கு அறை வைத்திருப்பவர் எல்லாருமே விளம்பரக்காரர்கள்தான். பெரஹெரா ஊர்வலம் கும்பல் பெரஹெரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹெரா ஐந்து இரவு என்று போகும். இந்தப் பத்து இரவுகளை நம்பி, குளத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களும், அனிவத்தையிலும் அம்பிட்டியவிலும் வீட்டு மாடியைத் தங்குமிடமாக்கியவர்களும், ஊர்வலம் போகும் வீதிகளில் நாற்காலி விற்பவர்களும் ஒரே பயணியின் போன் திரையில் இடம்பிடிக்கப் பணம் கட்டுகிறார்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம், கூகுள் மூன்றிலும் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது. கேட்பவர் கூடினால் விலையும் கூடும். தனக்குப் போட்டி அதிகமாக இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் கண்டிக்காரர் அதிகமாக வாங்கவும் செய்கிறார்.

விலை கூடினால் குறைவாக வாங்கிச் சமாளிக்கலாம். பில்லில் வரும் சிக்கல் வேறு வகை. ஐம்பதாயிரம் ரூபாய் என்று மனதில் வைத்திருந்த செலவு, செப்டெம்பரில் வங்கிக் கூற்றில் எழுபதாயிரமாக நிற்கும். ரந்தோலி தொடங்கும் மாலையில் அட்டை மறுக்கப்பட்டு விளம்பரம் நின்றுபோகும். கணக்கைக் கவனித்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான், கடவுச்சொல்லும் அவனோடு போயிருக்கும். கண்டிக் கடைத்தெருவில் இதில் ஏதாவது ஒன்றைப் பார்க்காத வியாபாரி குறைவு. மூன்றையும் தடுக்கலாம். ஆனால் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி முதல் விளம்பரம் ஓடுவதற்கு முன்னால், கணக்குத் திறக்கும் அன்றே செய்ய வேண்டியது. பில் வந்த பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

கொப்பியில் ஏறும் கடன்

பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானை அழுத்தி அட்டை எண்ணைக் கொடுத்தவுடன் பணம் கட்டியாகிவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் பெரும்பாலும் எதுவும் கழிவதில்லை. கழிந்தாலும் அது அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு தொகை, பிறகு திரும்பிவிடும். விளம்பரம் ஓட ஓடச் செலவு சேர்ந்துகொண்டே போகும். தெருமுனைக் கடையில் கொப்பிக்கு வாங்குவதைப் போல இது. கடைக்காரர் ஒரு தொகை வரை பொறுப்பார், அதைத் தொட்டதும் கணக்கை முடிக்கச் சொல்வார், முடிக்காவிட்டாலும் மாதம் பிறந்ததும் கேட்பார். கூகுளும், பேஸ்புக்கையும் இன்ஸ்டகிராமையும் நடத்தும் மெட்டாவும் செய்வது இதைத்தான். ஒரு வரம்புத் தொகை இருக்கும், செலவு அதை எட்டினால் அட்டையில் கை வைப்பார்கள். எட்டாவிட்டாலும் மாதத்தில் ஒரு குறித்த நாளில் மிச்சத்தை எடுப்பார்கள்.

புதுக் கணக்குக்கு இந்த வரம்பு மிகச் சிறியதாக இருக்கும். ஒழுங்காகப் பணம் போகப் போகத் தானாகவே உயர்த்திவிடுவார்கள். இதில் இரண்டு விளைவுகள் உண்டு. தொடக்கத்தில் சின்னச் சின்னத் தொகைகளாக அடிக்கடி கழிவதால், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் பார்த்து மோசடி என்று பயந்து அட்டையை முடக்குபவர்கள் இருக்கிறார்கள். விளம்பரக் கணக்கு அங்கேயே நின்றுபோகும். சில மாதங்கள் கழித்து நிலைமை தலைகீழாகும். வரம்பு உயர்ந்திருக்கும், குறுஞ்செய்தி வராது, செலவு இல்லை என்ற எண்ணத்தில் இருக்கும்போது பெரிய தொகை ஒரே வீச்சில் போகும். அட்டையில் அவ்வளவு இல்லையென்றால் கழிவு தோல்வி, விளம்பரம் நிறுத்தம். வரம்பு எவ்வளவு என்பது கணக்கின் கட்டணப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து, அந்தத் தொகையை அட்டையில் எப்போதும் வைத்திருப்பது பருவத்தைக் காப்பாற்றும்.

அட்டையில் பணத்தைக் குறைத்து வைத்தால் செலவும் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை கண்டியில் பரவலாக இருக்கிறது. இது ஆபத்தானது. அட்டை மறுக்கப்படும் நேரத்தில் விளம்பரம் ஏற்கனவே ஓடிமுடிந்திருக்கும். அந்தத் தொகை நிலுவையாக நிற்கும், கட்டும்வரை கணக்கு திறக்காது. இரண்டாவது அட்டை ஒன்றை மாற்று வழியாகச் சேர்த்திருந்தால், முதல் அட்டை தோற்றதும் அதிலிருந்து எடுப்பார்கள். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த அட்டையில் விளம்பரக் காசு போவது இப்படித்தான். செலவை அடக்க வேண்டிய இடம் விளம்பரக் கணக்கு. மெட்டாவில் கணக்கு முழுவதற்கும் ஒரு செலவு உச்சவரம்பு வைக்கலாம். அதைத் தொட்டதும் அந்தக் கணக்கின் எல்லா விளம்பரங்களும் நிற்கும், நீங்களே உயர்த்தினால்தான் மீண்டும் ஓடும். இவ்வளவு பயனுள்ள ஒரு வசதி கணக்குத் திறக்கும்போது கண்ணில் படாத இடத்தில் இருப்பது வருத்தத்துக்குரியது. கூகுளில் ஒவ்வொரு பிரசாரத்துக்கும் முடிவு நாள் போடலாம். முன்பணம் கட்டி ஓட்டும் வழி உங்கள் கணக்கில் காட்டப்பட்டால், சிறு வியாபாரிக்கு அதுவே நல்லது.

‘நாளொன்றுக்கு ஐந்து டொலர்’ என்று போடுவதன் பொருளையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூகுளில் அது சராசரி. ஒரு நாளில் அதன் இருமடங்கு, அதாவது பத்து டொலர் வரை செலவாகலாம். மாதக் கணக்கில் பார்த்தால் 30.4 நாட்களால் பெருக்கிய தொகையைத் தாண்டாது, ஐந்து டொலருக்கு 152 டொலர். மெட்டாவும் சில நாட்களில் கூடுதலாக எடுத்து, வாரத்தில் ஏழு மடங்குக்குள் நிறுத்திக்கொள்கிறது. முழு மாதமும் ஓட்டுபவருக்கு இது சமன்பட்டுவிடும். பத்து இரவுகளுக்காக மட்டும் ஓட்டும் கண்டிக்காரருக்குச் சமன்படும் என்ற உறுதி இல்லை. குறுகிய பருவத்துக்கு நாள்வரம்பு வைப்பதைவிட, மெட்டாவில் உள்ள மொத்தத் தொகை, முடிவு நாள் என்ற முறையே பொருத்தம்.

ரூபாயில் யோசித்து டொலரில் கட்டுவது

2022 நெருக்கடியை மறந்த வியாபாரி இங்கே யாரும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. நூறு டொலர் விளம்பரம் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரம் ஆனது. அதே விளம்பரம், அதே பார்வையாளர். வெளிநாட்டு நாணயம் இல்லாமல் வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளைக் கட்டுப்படுத்தியபோது, பணம் கையில் இருந்தவர்களாலும் கட்ட முடியவில்லை. கண்டியில் பலர் அடுத்தவர் அட்டையைத் தேடிப் போனது அப்போதுதான். அந்தப் பழக்கம் நெருக்கடி தணிந்த பிறகும் போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

2025இல் டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றது. ஆனால் நாம் கட்டுவது மத்திய வங்கியின் தளத்தில் பார்க்கும் வீதத்தில் அல்ல. அட்டை வலையமைப்பின் மாற்று வீதம் ஒன்று, அதன்மேல் வங்கி சேர்க்கும் கூடுதல், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான முத்திரைத் தீர்வை என்று அடுக்குகள் இருக்கின்றன. கழிக்கப்படும் வீதமும் கொடுப்பனவு வங்கியில் பதிவாகும் நாளின் வீதம், விளம்பரம் ஓடிய நாளினுடையது அல்ல. 152 டொலர் என்பது 300 வீதத்தில் 45,600 ரூபாய். வங்கியின் கூடுதல்கள் சேர்ந்து ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 2,280 ரூபாய். இந்தச் சதவீதம் வங்கிக்கு வங்கி வேறுபடும், கடனட்டைக்கும் வரவட்டைக்கும் வேறுபடும். பெரஹெராவுக்கு முன்னால் வங்கிக்குப் போய், ‘இந்த அட்டையில் நூறு டொலர் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்தால் மொத்தம் எத்தனை ரூபாய் கழியும்?’ என்று கேட்டு எழுதி வாங்குவது அரை மணி நேர வேலை. அறை வாடகையில் அந்தக் கூடுதலையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அதிர்ச்சி இல்லை.

வரியும் வருகிறது. பெறுமதி சேர் வரி (வற்) 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். வெளிநாட்டு நிறுவனங்கள் இலங்கையில் விற்கும் டிஜிட்டல் சேவைகளையும் இந்த வரிக்குள் கொண்டுவர 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று குறித்த தொடக்க நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த பருவத்துக்கு வரவு செலவு போடுபவர்கள் இதற்கு இடம் விட்டே போட வேண்டும். வற் பதிவு உள்ள நிறுவனம் என்றால் அந்த இலக்கத்தையும் பதிவுசெய்த வியாபாரப் பெயரையும் விளம்பரக் கணக்கில் முதலிலேயே சரியாகக் கொடுத்திருப்பது அவசியம். அழைப்புப் பெயரில், செல்லப் பெயரில் கணக்குத் திறந்தவர்களின் இன்வொய்ஸ், கணக்காளர் கேட்கும்போது கைகொடுக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பேஸ்புக், இன்ஸ்டகிராம் செயலிகளுக்குள்ளிருந்தே ஐபோனில் பூஸ்ட் செய்தால் ஆப்பிள் 30 சதவீதம் சேவைக் கட்டணம் எடுக்கிறது என்று 2024 பெப்ரவரியில் மெட்டாவே அறிவித்தது. முதலில் அமெரிக்காவில், பிறகு மற்ற நாடுகளில். நூறு டொலர் பூஸ்டுக்கு நூற்றுமுப்பது டொலர். கட்டும் திரையில் ஆப்பிளின் பெயர் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். பிரவுசரில் பேஸ்புக் தளத்துக்குப் போய் அதே பூஸ்டைச் செய்தால் அந்தக் கட்டணம் கிடையாது.

கணக்குத் திறக்கும்போது தேர்ந்தெடுக்கும் நாணயத்தையும் நேர வலயத்தையும் பற்றி யாரும் இருமுறை யோசிப்பதில்லை. பிறகு அவற்றை மாற்றுவது எளிதல்ல. பெரும்பாலும் புதுக் கணக்கே திறக்க வேண்டிவரும். நேர வலயம் தவறுதலாக அமெரிக்க மேற்குக் கரையில் நின்றுவிட்டால், அந்தக் கணக்கின் ‘நாள்’ நமக்கு மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் பிறக்கும். காலையில் நிறுத்த நினைத்த விளம்பரத்தின் செலவு எந்த நாளில் விழுந்தது என்பதே குழம்பிப்போகும்.

யாருடைய கணக்கு, யாருடைய அட்டை

கண்டியில் நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். ரூபாயை வாங்கிக்கொண்டு ‘பூஸ்ட் பண்ணித் தருகிறோம்’ என்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டையில், அக்குறணையில், கம்பளையில் சிறிய துணிக்கடையோ டியூஷன் வகுப்போ நடத்துபவருக்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்ற அட்டை இல்லை, நேரமும் இல்லை. வங்கிக்கு ரூபாய் அனுப்பினால் மறுநாள் விளம்பரம் ஓடுகிறது. நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குக் கட்டணம் வாங்குவது நியாயமே. ஆனால் எவ்வளவு டொலர் கூகுள், மெட்டா போன்ற விளம்பர மேடைக்குப் போனது, எவ்வளவு சேவைக் கட்டணமாக நின்றது என்று பிரித்துக் காட்டும் தாள் இல்லாத இடத்தில் வியாபாரிக்குத் தன் செலவே தெரியாது.

அதைவிட மோசம், விளம்பரம் அவர்களுடைய கணக்கிலிருந்து ஓடுவது. அந்தக் கணக்கில் இன்னும் இருபது பேரின் விளம்பரம் இருக்கும். ஒருவர் விதிமீறிய படம் போட்டாலோ, கட்டணம் தோற்றாலோ, அட்டை திருட்டு அட்டையாக இருந்தாலோ எல்லாருடைய விளம்பரமும் சேர்ந்து நிற்கும். சந்தை வீதத்துக்கும் குறைந்த டொலர் என்று யாராவது வந்தால், அந்த டொலர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடக்கூடாது.

சரியான வழி கடினமல்ல. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். செய்து தருபவருக்கு மெட்டாவில் பங்காளராகவும், கூகுளில் முகாமைக் கணக்கு இணைப்பு மூலமும் அனுமதி கொடுக்கலாம். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. பிரியும்போது அனுமதியை எடுத்துவிட்டால் போதும். இரண்டாம் கட்டப் பாதுகாப்பைப் போட்டுவைப்பது கட்டாயம். ஏனென்றால், பேஜ் இன்பாக்ஸில் ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் மூடப்படும்’ என்று மெட்டாவின் பெயரில் வரும் செய்தியை நம்பி இணைப்பை அழுத்துபவர்களின் கணக்குக்குள் நுழைகிறவர்கள் தேடுவது உங்கள் படங்களை அல்ல, அங்கே சேமிக்கப்பட்ட அட்டையை. உங்கள் காசில் அவர்கள் விளம்பரம் ஓடும். அப்படி நடந்தால் வங்கிக்கு உடனே சொல்லி அட்டையை நிறுத்தி, இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்தை அழைக்கலாம்.

சேமித்த அட்டையிலிருந்து பின்னர் கழியும் தொகைக்கு நம் நாட்டில் பெரும்பாலும் ஓடிபி வருவதில்லை. முதல் தடவை கேட்டதோடு சரி. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபர் 1 முதல் வேறு விதியைக் கொண்டுவந்தது. தானாகக் கழியும் கொடுப்பனவு ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும், ஒரு தொகைக்கு மேல் போனால் அவருடைய ஒப்புதலை மீண்டும் வாங்க வேண்டும். அந்தத் தொகை முதலில் 5,000 ரூபாய், 2022இல் 15,000 ஆனது. சென்னையில் ஒரு கடைக்காரர் கூகுளுக்கு யூபிஐ வழியாக இந்திய ரூபாயில் முன்பணம் கட்டி விளம்பரம் ஓட்டலாம், தீர்ந்ததும் நின்றுவிடும். அந்த விதி வந்தபோது அங்கே விளம்பரதாரர்கள் தடுமாறியதும் உண்மை, தானியங்கிக் கொடுப்பனவுகள் பல தோற்றன. இருந்தாலும், கழிவதற்கு முன்னால் தெரியப்படுத்துவது என்ற ஒன்றையாவது இலங்கை மத்திய வங்கி இங்கே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டொலரில் கடன் ஏறும் ஒரு சிறு வியாபாரிக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு கிடைப்பது பெரிய சலுகை அல்ல.

யாருக்குக் காட்டியதற்குக் காசு?

கூகுளில் இடத்தைக் ‘கண்டி’ என்று போட்டால், இயல்பாக நிற்கும் அமைப்பு கண்டியில் இருப்பவர்களோடு கண்டியில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். லண்டனிலிருந்து தலதா மாளிகையைத் தேடுபவரும் அதில் அடக்கம். ஹோட்டல்காரருக்கு அவர்தான் வேண்டும். கண்டியின் கொழும்பு வீதித் துணிக்கடைக்கு அவர் வீண் செலவு. அமைப்பில் ‘இங்கே இருப்பவர்கள்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தாங்கள் குறித்த பகுதிக்கு வெளியே விழுந்த கிளிக்குகளுக்கும் காசு எடுத்தார்கள், வாக்களித்த தள்ளுபடியைத் தரவில்லை என்று 2011இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 2025இல் கூகுள் 10 கோடி டொலர் கொடுத்துச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. போலிக் கிளிக்குகள் தொடர்பான ஆர்கன்சா வழக்கில் 2006இல் 9 கோடி டொலர் சமரசம். பெரிய நிறுவனத்தின் கணக்கிலும் தவறு வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 23ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்டாவின் கோளாறில் பலருடைய நாள் செலவு சில மணி நேரத்தில் கரைந்தது. கணக்கைப் பார்த்து முறைப்பாடு செய்தவர்கள் இருந்ததால்தான் பணம் திரும்பும் பேச்சே எழுந்தது.

நம் பக்கத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் கண்டி மாவட்டத்தில் மண் சரிந்து வீதிகள் மூடப்பட்ட நாட்களில், உயிர்களைப் பற்றிய கவலைதான் எல்லாருக்கும். அந்த நேரத்தில் விளம்பரக் கணக்கு யாருக்கும் நினைவில் இருக்காது. ஆனால் வீதி மூடியது விளம்பர மேடைக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வர முடியாத விருந்தினருக்கு அறையைக் காட்டிக்கொண்டே இருக்கும். கணக்கைத் திறக்கும் உரிமை குடும்பத்தில் இன்னொருவருக்கும், அதுவும் முடிந்தால் வேறு ஊரில் இருப்பவருக்கு, கொடுத்து வைப்பது நல்லது. விளம்பரத்தை நிறுத்தினாலும் அதுவரை ஓடிய செலவு கழிக்கப்படும் என்பதையும் அவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். நிறுத்திய மறுநாள் ஒரு கழிவைப் பார்த்து ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பவர்கள் பலர்.

இலவசக் கூப்பனும் இப்படியே ஏமாற்றும். இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு இலவசம் என்று கூகுள் தரும் சலுகை முதலில் உங்கள் காசைச் செலவழித்த பின்தான் வரும். அது தீர்ந்ததும் விளம்பரம் நிற்காது, அட்டைக்குப் போகும்.

தவறு நடந்த பிறகு

வங்கிக் கூற்றில் பேஸ்புக்கின் சுருக்கப் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். மெட்டாவின் கட்டண வரலாற்றில் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அதே குறியீடு இருக்கும். கூகுளின் வரியில் உங்கள் கணக்கு இலக்கம் வரும். முதல் வேலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துவது. பொருந்தினால் அது உங்கள் விளம்பரத்தின் செலவு, விவாதம் எவ்வளவு என்பதைப் பற்றி மட்டும். உங்கள் கணக்கில் எங்குமே இல்லாத குறியீடு என்றால் உங்கள் அட்டை வேறொருவர் கணக்கில் ஓடுகிறது. அப்போது வங்கிக்கே முதலில் போக வேண்டும்.

பொருந்தும் தொகையைப் பற்றிய தகராறில் நேரே வங்கிக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பது கண்டியில் பலர் செய்வது. வங்கி அதை மேடையிடமிருந்து திரும்ப இழுத்தால், மேடை உங்கள் கணக்கை முடக்கி, அந்தத் தொகையை நிலுவையாகக் காட்டும். பல ஆண்டு விருந்தினர் மதிப்புரைகளும் பின்தொடர்பவர்களும் உள்ள பக்கத்துக்கு இனி விளம்பரமே ஓடாத நிலை வரலாம். முதலில் மேடையின் கட்டண உதவிக்கு, குறியீடு, நாள், திரைப்பிடிப்புகளோடு எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பதில் வராமலோ தவறாகவோ இருந்தால் அந்தத் தாளோடு வங்கிக்குப் போங்கள். வங்கியே சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, அழைப்பு இலக்கம் 1935. நிதி வாடிக்கையாளரைப் பாதுகாக்க 2023இல் வந்த ஒழுங்குவிதிகள் வங்கிகளின் முறைப்பாட்டு நடைமுறையையும் கட்டுப்படுத்துகின்றன. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்ததற்கான பிரதி கையில் இருக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. கடைசி விளம்பரத்தை நிறுத்தி, நிலுவையைக் கட்டணப் பக்கத்திலிருந்தே உடனே கட்டி முடியுங்கள். அதன் பிறகுதான் அட்டையை நீக்க முடியும். முன்பணம் கட்டிய கூகுள் கணக்கை மூடினால் மீதி திரும்பி வரும், இலவசச் சலுகைத் தொகை வராது. எல்லா இன்வொய்ஸ்களையும் தரவிறக்கி, அதே மாத வங்கிக் கூற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். பில்லில் இருக்கும் டொலருக்கும் கூற்றில் இருக்கும் ரூபாய்க்கும் உள்ள இடைவெளியை அந்தக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்தால், அடுத்த ஜூலையில் வங்கியிடம் கேட்க வேண்டிய வீதம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும்.